படித்தவள் அழிக்க வேண்டும்

"போனவங்க மெயில் பெட்டியெல்லாம் எதுக்கு மேடம்? அழிச்சிட்டா வேலை மிச்சம்தானே?"

புது மேனேஜர் இப்படிக் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது. மனுஷர் கெட்டவர் இல்லை. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கடையில் எதைப் பார்த்தாலும் 'இது எதுக்கு' என்று கேட்கிற கட்டத்தில் இருக்கிறார். ஆனாலும் சில கேள்விகளைச் சில பேரிடம் கேட்கக் கூடாது. "நாளைக்கு ஆடிட்டர் கேட்டா நீங்க பதில் சொல்வீங்களா சார்?" என்றேன். ஆடிட்டர் என்ற சொல்லுக்கு எங்கள் கடையில் தனி மரியாதை உண்டு. உடனே பின்வாங்கிவிட்டார். "சரி சரி, நீங்களே பார்த்துச் செய்யுங்க."

ஆடிட்டராவது மண்ணாவது! எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன ஒருத்தியின் மின்னஞ்சலை எந்த ஆடிட்டரும் கேட்கப் போவதில்லை. அவள் பெட்டியை அழிக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு பெட்டிக்காக மற்ற எல்லாப் பெட்டிகளையும் காப்பாற்றினேன்.

எங்களுடையது தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை. கீழே மூன்று மாடியும் வியாபாரம், நான்காவதில் ஆபீஸ். ஆபீஸின் ஒரு கோடியில், கெட்டிக் கதவு போட்ட சின்ன ஏ.சி. அறையில் சர்வர் இருந்தது, அதை ஒட்டி என் அறை. கடையின் மின்னஞ்சல் மொத்தமும் அந்த ஒரு கறுப்பு மிஷினுக்குள்தான். வெளியே 'கம்ப்யூட்டர் செக்‌ஷன்' என்று போர்டு தொங்கும். செக்‌ஷன் என்றால் ஏதோ பத்து பேர் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருஷமாக அந்த செக்‌ஷன் நான் ஒருத்திதான்.

இந்த வருஷம் அந்த மிஷினுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி, எங்கேயோ வெளியூரில் வாடகைக்கு ஒரு புது சர்வர் எடுத்தார்கள். வேலையில் இருப்பவர்களின் பெட்டிகளை ஒரு வாரத்தில் மாற்றி முடித்தேன். அப்புறம்தான் போனவர்களின் பெட்டிகள். ஒருத்தர் வேலையை விட்டால் அன்று சாயங்காலமே அவருடைய பாஸ்வேர்டை மாற்றிப் பெட்டியைப் பூட்டித் தனியாக ஒதுக்கி வைப்பது என் வேலை. அதற்கு இங்கிலீஷில் கௌரவமான பெயர் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் அது 'பரண்'. ரிட்டயரான கேஷியர், கல்யாணமாகி சிங்கப்பூர் போன அக்கவுண்ட்ஸ் பெண், பக்கத்துக் கடைக்குத் தாவிய சேல்ஸ்காரர் என்று எல்லோரும் பரணில் கிடந்தார்கள்.

பரண் பெட்டியைத் திறக்காமல் அப்படியே மூட்டையாகத் தூக்கிப் புது இடத்தில் இறக்க வேண்டும். இந்தப் பக்கம் எத்தனை கடிதம், அந்தப் பக்கம் எத்தனை கடிதம் என்று எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் பெட்டியைக்கூட அவருக்குத் தெரியாமல் நான் திறந்ததில்லை. இதைப் பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அந்தப் பெருமையால் யாரை இழந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருந்தாள். காஞ்சிபுரம், ஆரணி தறிக்காரர்களுக்கு ஆர்டர் அனுப்புகிற வேலை. வீடு நொச்சிக்குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவர். பி.காம். முடித்த கையோடு இங்கே சேர்ந்துவிட்டாள். சேர்ந்த முதல் வாரமே என் கதவைத் தட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா மேடம், உங்க மிஷினு என் லெட்டர முழுங்கிக்கினு துப்ப மாட்டேங்குது?"

நான் சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்னால் அந்த ஆபீஸில் நான் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு மாதத்தில் 'மேடம்' போய் 'ஏய்' வந்துவிட்டது.

எங்கள் வீடு மயிலாப்பூரில். சுத்த சைவம். எங்கள் தெருவிலிருந்து அவள் குப்பத்துக்கு நடந்தால் இருபது நிமிஷம். முப்பது வயசு வரைக்கும் அந்த இருபது நிமிஷத்தை நான் நடந்ததே இல்லை. கடையிலும் அப்படித்தான். சாப்பாட்டு அறை வாசலில் 'சைவம் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கும். இவள் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டாள். அதனால் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள். சித்திரை வெயிலில் ஒருநாள் அவள் அங்கே உட்கார்ந்து வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், சர்வர் அறையைத் திறந்துவிட்டேன்.

"அடியே, இன்னாடி இது! ஊட்டியாட்டம் கீது!" என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதிலிருந்து அதுதான் எங்கள் சாப்பாட்டு அறை. கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. சாவி என்னிடம் மட்டும்தான். முதல் வாரம் நான் என் தயிர் சாதத்தோடு ஒதுங்கி உட்கார்ந்தேன். இரண்டாம் வாரம் அவள் நெத்திலியை வறுத்துக்கொண்டு வந்தாள். மொறுமொறுவென்று அவள் மெல்கிற சத்தத்தை எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? கை தானாக நீண்டது.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள்.

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றேன், வாய் நிறைய. அந்த வீரமெல்லாம் மத்தியானத்தோடு சரி. சாயங்காலம் அரைப் பொட்டலம் சோம்பு மென்ற பிறகுதான் வீட்டுப் படி ஏறினேன்.

ஒரு தடவை அப்போதிருந்த மேனேஜர் அறைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னம்மா நாத்தம்?" நான் யோசிக்கவே இல்லை. "யு.பி.எஸ். பேட்டரி சார், ஆசிட் கசியுது" என்றேன். மறு வாரம் புது பேட்டரி வந்து இறங்கியது. இவள் அதைத் தடவிக் கொடுத்து, "நெத்திலி வாங்கிக் குட்த்த பேட்டரி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் போன பிறகும் அந்த பேட்டரி ரொம்ப நாள் உழைத்தது.

சாப்பிடுகிற அரை மணி நேரம் எங்களுக்குப் போதவில்லை. கடைக்குள் நுழையும்போதே செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். மின்னஞ்சலில் பேசலாம் என்றால், மேனேஜரைத் தவிர மற்றவர்கள் அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி முதலாளி பெட்டிக்குப் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்த புண்ணியவதியும் நான்தான். அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவள்.

"அனுப்புனாத்தான காப்பி போவும்? அனுப்பாமலே வுட்டா?"

அப்படித்தான் டிராஃப்ட்ஸ் தொடங்கியது. எழுதி அனுப்பாமல் வைத்த கடிதங்கள் தங்குகிற இடம் அது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கும். அவளே தன் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தாள். அவள் தன் டிராஃப்ட்ஸில் எதையாவது எழுதி வைப்பாள். நான் என் அறையிலிருந்து அவள் பெட்டிக்குள் போய்ப் படிப்பேன், அழிப்பேன், என் பதிலை எழுதி வைப்பேன். அவள் படிப்பாள், அழிப்பாள், எழுதுவாள். ஒரே சட்டம்தான்: படித்தவள் அழிக்க வேண்டும். யார் கையிலும் மாட்டக் கூடாது என்று போட்ட சட்டம் அது. நாளாக ஆக அதற்கு இன்னொரு அர்த்தமும் வந்தது. எழுதியது காணாமல் போயிருந்தால் அவள் படித்துவிட்டாள். இன்னும் அங்கேயே இருந்தால் படிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பாள். பர்ச்சேஸ் நோட்டில் எழுதிய பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் முதலில் கிழமை போடுவாள். 'திங்கள். மேனேஜர் புது சட்ட. கல்யாண மாப்ளயாட்டம் சுத்திக்கினு கீறாரு, வந்து பாரு.' 'புதன். அப்பா போட்டு எஞ்சினு பூட்ச்சி. மனசே செரியில்ல.' 'வெள்ளி. நாளைக்கி கடம்பா மீனு. சோறு நீ எட்த்தா.' என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒருத்தன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அன்று அழுதுகொண்டே அதை எழுதி வைத்தேன். திரும்பிப் பார்த்தால், 'செவ்வாய். அவன மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்கிப் போவச் சொல்லு.' அழுகையோடு அழுகையாகச் சிரித்தேன்.

மூன்று வருஷம் இப்படியே போனது. எத்தனை நூறு எழுதியிருப்போமோ! அதில் ஒரு வரிகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் என் கையாலேயே அழித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சண்டை ஒரு திங்கட்கிழமை வந்தது.

ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் காஞ்சிபுரத்தில் நெய்யச் சொல்லிப் புடவைகள் கேட்டிருந்தார்கள். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர். வந்து சேர்ந்தவை அத்தனையும் பச்சை பார்டர். கல்யாணப் பெண்ணின் அத்தை கடை நடுவில் நின்று போட்ட சத்தம் நான்காம் மாடிக்குக் கேட்டது. முதலில் பச்சை என்று சொன்னவர்கள் பிறகு அரக்கு என்று மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்தை மின்னஞ்சலில் அவளுக்கு எழுதிவிட்டதாக மேனேஜர் சொன்னார், அவள்தான் பார்க்காமல் விட்டாளாம். அப்படி ஒரு மெயில் வரவே இல்லை என்றாள் இவள். முதலாளி முன்னால் அவர் பேச்சுதான் எடுபட்டது. அவள் நேராக என்னிடம் வந்தாள். முகம் கன்றிப் போயிருந்தது.

"நீ அந்தாளு பொட்டியத் தொறந்து பாரு. அனுப்புனானா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

"அடுத்தவங்க பெட்டியை நான் திறக்க மாட்டேன். உனக்கே தெரியும்."

"என் மேல பழிய போட்டுக்கினு கீறான்டி. நான் பொய் சொல்லுவனா?"

"நீ பொய் சொல்றேன்னு நான் சொன்னேனா? ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என் பொட்டிய மட்டும் தெனம் தொறக்குற. அப்ப எங்க போச்சி உன் ரூலு?"

சுருக்கென்று தைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது. "நீ திறக்கச் சொன்ன, திறந்தேன். இனிமே திறக்கல, போதுமா? சத்தியமா உன் பெட்டிப் பக்கமே வர மாட்டேன்."

"வராத, போ."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மேனேஜர் பெட்டியைத் திறக்காமலே உண்மையைப் பார்க்க வழி இருந்தது. எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு எத்தனை மணிக்குக் கடிதம் போனது என்று சர்வர் தானாகவே குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கடிதத்தையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிஷ வேலை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். பார்த்தால் என்ன தெரிய வரும் என்பதும் தெரியும். அதை எடுத்துக்கொண்டு போய் மேனேஜருக்கு எதிராக நிற்க வேண்டும். அப்போது என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. எனக்குப் பயம். பயம் என்று சொல்ல வாய் வராமல் ரூல் என்று சொன்னேன்.

சொன்னபடியே அவள் பெட்டியைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விரல் அந்தப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. புதன்கிழமையும் அப்படியே. முதலில் அவளே வந்து பேசட்டும் என்று வீம்பாக இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் நான் மூன்றாம் மாடியிலிருந்து படி ஏறி வரும்போது, சர்வர் அறைக் கதவுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டு கேரியர். எனக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவள் என்னைப் பார்க்கவில்லை. மறுபடியும் மேனேஜர் விஷயத்தை ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தம் போடாமல் திரும்பிக் கீழே இறங்கிச் சாப்பாட்டு அறைக்குப் போய், அதுவரை முகம் கொடுத்துப் பேசியிராதவர்களோடு உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். அரை மணி கழித்து வந்தபோது அவள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று பர்ச்சேஸிலிருந்து தகவல் வந்தது. பெட்டியைப் பூட்டச் சொன்னார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்! பாஸ்வேர்டை மாற்றினேன். உள்ளே எதையும் பார்க்கவில்லை. மொத்த அளவை மட்டும் குறித்துக்கொண்டு பரணில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த வாரம், மனசு கேட்காமல், சர்வரின் குறிப்பைப் பார்த்தேன். அந்த மேனேஜர் அவளுக்கு அப்படி ஒரு கடிதம் அனுப்பவே இல்லை.

அன்றைக்கே நொச்சிக்குப்பத்துக்கு ஓடியிருக்க வேண்டும். இருபது நிமிஷம்தானே? ஓடவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? 'நீ சொன்னதுதான் நிஜம், நான்தான் பார்க்காமல் விட்டேன்' என்று சொல்ல வேண்டுமே. முதலாளியிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொன்னாலும் ஒன்றுதான் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. அந்த மேனேஜரும் இரண்டு வருஷத்தில் வேறு கடைக்குப் போனார். அவர் பெட்டியையும் பூட்டி அதே பரணில் வைத்தேன்.

அவளுக்குக் கல்யாணமாகி ஆதம்பாக்கம் போனதைக் கேள்விப்பட்டேன். குழந்தை பிறந்ததைக் கேள்விப்பட்டேன். போன வருஷம் ஒரு காலையில் எங்கள் தையல் செக்‌ஷன் அம்மா என் அறைக்கு வந்து, "உங்க கூடவே சாப்டுக்கினு இருக்குமே அந்தப் பொண்ணு, ரொம்ப நாளா ஒடம்பு முடியாம இருந்துதாம்மா. முந்தாநேத்து தவறிப் போச்சாம்" என்றார். அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது.

லீவு சொல்லிவிட்டு ஆதம்பாக்கம் போனேன். ஒரு சின்ன மாடி வீடு. அவள் கணவர் வாசலுக்கு வந்தார். யார் என்று கேட்டார். சிநேகிதி என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கடையில ஒண்ணா வேலை பார்த்தோம்" என்றேன்.

"கம்ப்யூட்டர் மேடமா?" என்றார். "பட்டுக் கடையில ஊட்டி மாதிரி ஒரு ரூமு கீது, அங்க சோறு துன்னோம்னு புள்ளைக்குக் கத சொல்லிக்கினே இருக்கும்."

நான் அங்கே அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற அளவுக்கு அழுதேன்.

அப்புறம் இந்த வருஷம் இந்த சர்வர் மாற்றம். பெட்டிகளைத் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்குள்ளும் என்னென்ன எத்தனை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலே வருகிற பட்டியல்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை அச்செடுத்து, கையில் காபியோடு வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் வரி வந்தது. வந்த கடிதங்கள் ஆயிரத்துச் சொச்சம். அனுப்பியவை அதைவிடக் கொஞ்சம் அதிகம். டிராஃப்ட்ஸ்: ஒன்று.

காபியைக் கீழே வைத்தேன்.

படித்தவள் அழிக்க வேண்டும். எங்கள் டிராஃப்ட்ஸில் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றால், அதைப் படிக்க வேண்டியவள் படிக்கவில்லை என்று அர்த்தம். சண்டைக்கு முன்னால் நான் எழுதியதை அவள் படித்து அழித்துவிட்டாள், அதை அந்தத் திங்கட்கிழமை காலையே பார்த்திருந்தேன். அப்படியானால் இது அதற்குப் பிறகு அவள் எழுதியது, எனக்காக எழுதியது. எட்டு வருஷமாக என் நாற்காலியிலிருந்து நாலடி தூரத்தில், அந்தக் கறுப்பு மிஷினுக்குள் இருந்திருக்கிறது. நான் தினமும் அந்த மிஷினுக்குத் தூசி தட்டியிருக்கிறேன்.

உடனே திறந்தேனா? இல்லை. மூன்று நாள் திறக்கவில்லை. அவள் பெட்டிப் பக்கமே வர மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள் நான். அதைவிட, உள்ளே திட்டித் தீர்த்திருப்பாளோ என்ற பயம். அவள் திட்டினால் வண்டி வண்டியாகத் திட்டுவாள். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் எழுத்தாவது இருக்குமே என்றும் தோன்றியது. எப்படியும் அதிக நாள் இல்லை. சனிக்கிழமை பழைய மிஷினைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். புது இடத்தில் பரண் பெட்டிகளை முத்திரை போட்டு வைத்துவிடுவார்கள். எண்ணிக்கையை மட்டும் வெளியிலிருந்து பார்க்கலாம். திறக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன காரணம் எழுதுவது? மற்ற எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிவிட்டேன். அவளுடையதை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன்.

ஒரே டிராஃப்ட்தான். ஆனால் ஒரே நாளில் எழுதியது இல்லை. ஒவ்வொரு நாளும் அதே தாளில் கீழே கீழே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

'செவ்வாய். இன்னா கோவமா. நான் பேசுனது தப்பு தான். நீ பயந்துக்கினே அது எனுக்கு தெர்யாதா. உட்டுடு அந்தாள.'

'புதன். இன்னும் படிக்கல போல கீது. நாளைக்கி சங்கரா கொழம்பு. சோறு நீ எட்த்தா. ரூமாண்ட வர்றேன்.'

'வியாழன். கதவாண்ட நின்னுக்கினே இருந்தேன்.'

'வெள்ளி. படிச்சிட்டு அழிச்சா போதும். பதிலு எழுத வேணாம்.'

'சனி. செரி.'

அவ்வளவுதான்.

ஏ.சி. காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சண்டைக்கு வரவில்லை. சங்கராக் குழம்போடு வந்திருக்கிறாள். முதுகைக் காட்டி நின்றவளைப் பார்த்துவிட்டு நான் படி இறங்கிப் போயிருக்கிறேன். செவ்வாயிலிருந்து சனி வரை அவள் வேலைக்கு நடுவில் எத்தனை தடவை அந்த டிராஃப்ட்ஸைத் திறந்து பார்த்திருப்பாள்! ஒவ்வொரு தடவையும் அது அங்கேயே இருந்திருக்கும். படித்தும் அழிக்காமல் விட்டேன் என்று நினைத்தாளா, படிக்கவே இல்லை என்று நினைத்தாளா? இரண்டில் எது அதிகம் வலித்திருக்கும்? கேட்க ஆள் இல்லை. நான் பயந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எட்டு வருஷம் ஒளித்து வைத்திருந்ததை அவள் மறுநாளே தெரிந்துகொண்டு, அதற்காக என்னிடமே மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். பாவி மகளே, ஒரு தடவை வந்து கதவை உடைத்து என் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருக்கக் கூடாதா?

ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் எழுதியதில் உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஐந்து வரிதான். இதை விட்டால் வேறு இல்லை. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. படித்துவிட்டு அழிக்கச் சொன்னாள்.

அழித்தேன். டிராஃப்ட்ஸில் ஒன்றும் இல்லை என்று திரை காட்டியது. அவள் பர்ச்சேஸில் தன் நாற்காலியில் இருந்திருந்தால் இந்த நிமிஷம் பார்த்திருப்பாள். 'படிச்சிட்டா' என்று தனக்குள் சிரித்திருப்பாள்.

அழித்தவள் பதில் எழுத வேண்டும். பதில் வேண்டாம் என்று அவள் சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? அவள் பெட்டியிலேயே ஒரு புது டிராஃப்ட் எடுத்து, அவளைப் போலவே கிழமை போட்டு, அவளைப் போலவே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்தேன்.

'வெள்ளி. நீ சொன்னதுதான் நிஜம். அவர் அனுப்பவே இல்லை. பார்த்துட்டும் உன்கிட்ட வந்து சொல்லலை, தப்பு என்னோடது. சோறு எடுத்துட்டு வந்திருக்கேன். கதவு திறந்துதான் இருக்கு, வாடி.'

அனுப்பாமல் வைத்தேன். பிறகு எழுந்து சர்வர் அறைக் கதவை நிஜமாகவே திறந்து வைத்துவிட்டு, பெட்டியைப் பூட்டிப் புது சர்வருக்கு ஏற்றினேன். சாயங்காலம் புது மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சரிபார்க்கிற பட்டியலில் விரலை ஓட்டினார்.

"இவங்க டிராஃப்ட்ஸ் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. டேலி ஆகுது மேடம்" என்றார்.

"ஆகும் சார்" என்றேன்.

சனிக்கிழமை பழைய மிஷினைக் கழற்றி லிஃப்டில் இறக்கினார்கள். அந்த அறை இப்போது வெறும் அறை. ஏ.சி.யையும் எடுத்துவிட்டார்கள். புது சர்வரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தினமும் காலையில் வந்ததும் பார்ப்பது என் வேலை. பரண் பெட்டிகளைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அவற்றில் எதுவும் மாறப் போவதில்லை. ஆனாலும் நான் பட்டியலை இறக்கிக்கொண்டே போய் அவள் வரியில் நிற்பேன். எழுதியது காணாமல் போயிருந்தால் படித்துவிட்டாள். இன்னும் அங்கேயே இருந்தால் படிக்கவில்லை.

இன்று காலையும் பார்த்தேன். ஒன்று என்றுதான் இருக்கிறது.